கார் ரிமோட் திறப்புக்குப் பற்றறி மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஓடும் கார்களில் நிறைய, ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு இங்கே வந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்குத் திரும்பவும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றின் திறப்புகளும் அப்படித்தான். பற்றறி மாற்றுவது வீட்டு மேசையில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. ஆனால் திறப்பை உடைத்தாலோ உள்ளே இருக்கும் சிப்பைத் தொலைத்தாலோ, சில நூறு ரூபாச் செலவு பல்லாயிரமாக மாறிவிடும். கழற்றிய பற்றறி வீட்டுப் பிள்ளையின் கையில் சிக்கினால் அது பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பற்றறி முடியப் போகிறது என்று எப்படித் தெரியும்?

தூரம் குறையும். முன்பு கேற்றடியில் நின்று அழுத்தினால் திறந்த கார், இப்போது கதவுக்குப் பக்கத்தில் போனால்தான் திறக்கும். ஒருமுறை அழுத்திய இடத்தில் இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டிவரும். திறப்பில் உள்ள சின்னச் சிவப்பு விளக்கு மங்கும், அல்லது எரியாது.

பல கார்கள் டாஷ்போர்டிலும் அறிவிக்கும். எங்கள் ஊரில் அந்த அறிவிப்பு பெரும்பாலும் ஜப்பானிய எழுத்தில் வருவதால் யாரும் கவனிப்பதில்லை. காரை நிறுத்தும்போது புதிதாக ஏதாவது எழுத்தோ, திறப்புப் படமோ வந்தால் போனில் ஒரு படம் எடுத்து, மொழிபெயர்க்கும் செயலியில் காட்டிப் பாருங்கள். திறப்பின் பற்றறி குறைந்துவிட்டது என்பதைக் கார் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

முடிந்தது திறப்பின் பற்றறியா, காரின் பற்றறியா?

இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கார் திறக்கவில்லை என்றதும் திறப்புக்குப் புதுப் பற்றறி வாங்குவார்கள், போட்டும் திறக்காது. கொழும்புக்கு ரயிலில் போய், சில வாரம் நின்று திரும்பியவர்களின் காரில் பெரும்பாலும் இறங்கியிருப்பது காரின் 12 வோல்ற் பற்றறி. பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் அந்தப் பற்றறி சின்னது, பின்பக்கம் இருக்கும். ஓட்டாமல் விட்டால் இறங்கிவிடும்.

பிரித்தறிவது சுலபம். இரண்டாவது திறப்பு இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் பிழை முதல் திறப்பில். இரண்டும் வேலை செய்யாவிட்டால், ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் திறப்பால் (எடுக்கும் விதம் அடுத்த கேள்வியில்) கதவைத் திறந்து கூரை விளக்கைப் போடுங்கள். விளக்கு எரியவில்லை, டாஷ்போர்டும் இருட்டு என்றால் கார்ப் பற்றறிதான். அதற்கு ஜம்பர் வயரோடு ஒருவரைக் கூப்பிட வேண்டும். இங்கே எழுதியிருப்பது அதற்கு உதவாது.

திறப்பு முழுதாகச் செத்துவிட்டது, கதவே திறக்கவில்லை. என்ன செய்வது?

ஸ்மார்ட் கீ என்று சொல்லும், செருகித் திருகாமல் பட்டனால் ஸ்ராட் செய்கிற கார்களின் திறப்புக்குள் ஓர் இரும்புத் திறப்பு ஒளிந்திருக்கும். ஓரத்தில் ஒரு சின்னப் பிடி இருக்கும்; அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இழுத்தால் வெளியே வரும். அதைப் போடுகிற துவாரம் ஓட்டுநர் பக்கக் கதவில் இருக்கும். சில மொடல்களில் கைபிடியோடு சேர்ந்த பிளாஸ்ரிக் மூடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். பல வருடம் பாவிக்காத பூட்டு இறுகியிருக்கலாம், முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம்.

இப்படித் திறந்தால் சில கார்களில் அலாரம் அடிக்கும். நல்லூர்த் திருவிழா நேரத்தில் கோயிலுக்குத் தள்ளி எங்கோ ஓர் ஒழுங்கையில் விட்ட கார் இப்படிக் கத்தத் தொடங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். பதற்றப்பட வேண்டாம். திறப்பைக் கார் அடையாளம் கண்டு இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் அது நின்றுவிடும்.

உள்ளே ஏறிவிட்டேன். பட்டனை அழுத்தினால் ஸ்ராட் ஆகவில்லையே?

ஆகும். பிரேக்கை மிதித்துக்கொண்டு, திறப்பை ஸ்ராட் பட்டனோடு ஒட்டிப் பிடியுங்கள். கார்க் கம்பனியின் சின்னம் உள்ள பக்கம் பட்டனைத் தொட வேண்டும். ஒரு சத்தமோ விளக்கு மாற்றமோ வரும்; சில விநாடிக்குள் பட்டனை அழுத்துங்கள். ரொயோட்டா, ஹொண்டா, நிசான், சுசுகி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட இதே முறைதான். இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் போன்ற சில பழைய மொடல்களில் திறப்பை அப்படியே செருக ஒரு துவாரம் இருக்கும்.

பற்றறி இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்று கேட்பார்கள். திறப்புக்குள் இமொபிலைசர் சிப் என்று ஒன்று இருக்கிறது; அதைக் கொண்டுதான் கார் தன் திறப்பை அடையாளம் காணும். அதற்குப் பற்றறியே தேவையில்லை. பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்தில் இருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு, தன் இரகசிய எண்ணைக் காருக்குச் சொல்கிறது. கிட்ட வைத்தால்தான் அந்தப் புலம் போதும், அதனால்தான் ஒட்டிப் பிடிக்கச் சொல்கிறார்கள். இதை வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள், முக்கியமாகத் தனியாக ஓட்டுகிற பிள்ளைகளுக்கு. ஆனையிறவு வெளியில் இரவில் நின்று கற்றுக்கொள்கிற பாடமாக இது இருக்கக்கூடாது.

என் திறப்புக்கு எந்த இலக்கப் பற்றறி?

பழைய பற்றறியின் முகத்தில் எழுதியிருக்கும். அதுதான் முடிவு. கடைக்காரர் சொல்வதையோ, அதே கார் வைத்திருக்கும் நண்பர் சொல்வதையோ நம்பி வாங்க வேண்டாம். ஒரே பெயர்க் காரில்கூட வருடத்துக்கு வருடம் மாறும்.

இலக்கத்தைப் படிப்பது கடினமில்லை. சிஆர் 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். சிஆர் 2025 அதே அகலம், தடிப்பு 2.5. சிஆர் 1632 அகலம் 16, தடிப்பு 3.2. எல்லாமே 3 வோல்ற் லித்தியம். பொதுவாக அக்வாவின் ஸ்மார்ட் கீயில் 1632, முதல் தலைமுறை நிசான் லீஃபில் 2025, 2013க்குப் பிந்திய ஹொண்டா ஃபிற்றில் 2032 இருக்கும். ஆனாலும் திறந்து பார்த்துவிட்டே வாங்குங்கள்.

2032 கிடைக்கவில்லை. 2025 போடலாமா?

வேண்டாம். 0.7 மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். மெல்லியதைப் போட்டால் பற்றறியைத் தொட வேண்டிய உலோகத் தகடு சரியாகத் தொடாது, கார் குலுங்கும்போது விட்டுவிட்டு வேலை செய்யும். தடித்ததை மெல்லியதன் இடத்தில் அழுத்தினால் தகடு வளைந்து, பிறகு சரியான பற்றறிக்கும் பிடிக்காது. கடதாசி மடித்து வைப்பது, இரண்டு மெல்லிய பற்றறியை ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவது எல்லாம் ஆபத்து. இரண்டை அடுக்கினால் 3 வோல்ற் 6 வோல்ற் ஆகிவிடும்; உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை தாங்காது.

இதே அளவில் சார்ஜ் செய்யக்கூடிய பற்றறியும் விற்கிறார்கள், எல்ஐஆர் என்று தொடங்கும். நிரப்பியதும் அது 4.2 வோல்ற் வரை போகும். திறப்புக்குப் போட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் எங்கே வாங்கலாம்? நல்லதை எப்படித் தெரிவது?

ரவுணுக்குள் மணிக்கூட்டுக் கடைகளில் கேளுங்கள். கைமணிக்கூட்டுக்கு நாணயப் பற்றறி விற்பவர்கள் 2032, 2025, 2016 எல்லாம் வைத்திருப்பார்கள். மின்னுபகரணக் கடைகள், போன் திருத்தும் கடைகள், சுப்பர் மார்க்கற்றிலும் கிடைக்கும். 1632 மட்டும் சில வேளை தேட வேண்டிவரும்; அதனால் அக்வா வைத்திருப்பவர்கள் ஒன்றை மேலதிகமாக வாங்கி, பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. நல்ல லித்தியம் பற்றறி உறை பிரிக்காமல் பல வருடம் தாங்கும்.

பார்க்க வேண்டியது மூன்று விஷயம். உறை தனித்தனியாக, கத்தரிக்கோல் இல்லாமல் பிரிக்க முடியாதபடி இருக்க வேண்டும். திகதி இருக்க வேண்டும். கடை வாசலில் வெயில் படுகிற இடத்தில் தொங்கிய அட்டையாக இருக்கக்கூடாது. விலை மிகக் குறைவாக, ஐந்து சேர்ந்த அட்டையாகத் தந்தால் நான் வாங்க மாட்டேன். ஒன்று வேலை செய்யும், மற்றது ஏற்கனவே பாதி இறங்கியிருக்கும். மல்ரிமீற்றர் இருந்தால் புதிய பற்றறி 3.2 வோல்ற் அளவில் காட்டும். 2.8க்குக் கீழே போனது மாற்ற வேண்டியது. ஆனால் மீற்றர் 3 காட்டினாலும் பற்றறி களைத்திருக்கலாம், ஏனென்றால் பட்டனை அழுத்தும் கணத்தில் அதன் வோல்ற் விழுந்துவிடும்.

எப்படித் திறந்து மாற்றுவது?

மேசையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொண்டு உட்காருங்கள். சின்னச் சாமான் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

முதலில் இரும்புத் திறப்பை வெளியே எடுங்கள். அது இருந்த பள்ளத்தில், அல்லது ஓரத்தில், ஒரு சின்ன வெட்டு தெரியும். தட்டையான சின்னத் திருப்புளியின் நுனியில் ரேப் சுற்றி அந்த வெட்டில் வைத்து, மெதுவாகத் திருப்புங்கள். நெம்பக்கூடாது, உள்ளே குத்தவும் கூடாது. திருப்பினால் போதும், கிளிக் என்று இரண்டு பாதியும் பிரியும். பிரியவில்லை என்றால் வேறு எங்கோ ஸ்குரு இருக்கிறது. பழைய ரொயோட்டா, நிசான் திறப்புகளில் ஒரு சின்ன நட்சத்திர ஸ்குரு இருக்கும், அதை வடிவாகப் பார்க்காமல் நெம்புவதால்தான் திறப்பின் பிளாஸ்ரிக் ஓடு வெடிக்கிறது.

திறந்தவுடன் எதையும் தொடாமல் போனில் ஒரு படம். பற்றறியின் கூட்டல் அடையாளம் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது திறப்புக்குத் திறப்பு மாறும், ஞாபகத்தை நம்பாதீர்கள். பிறகு பற்றறியை ஓரத்தில் இருந்து பிளாஸ்ரிக் அல்லது மரக்குச்சியால் கிளப்புங்கள். இரும்பு முள்ளால் கிளப்பினால் தகடு வளையும், இரண்டு முனையும் சோட் ஆகவும் கூடும். பச்சைப் பலகையில் உள்ள சின்னச் சின்னப் பாகங்களில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியதை உலர்ந்த துணியால் துடைத்து, ஓரத்தைப் பிடித்து வையுங்கள். றப்பர் மூடி இருந்தால் அதைச் சரியாக உட்கார வையுங்கள்; அது கோணலாக இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். இரண்டு பாதியையும் சேர்த்து, சுற்றிவர அழுத்தி மூடுங்கள். மூடி முடித்ததும் காரடியில் போய்ப் பார்த்துவிட்டே பழைய பற்றறியை அப்புறப்படுத்துங்கள்.

மாற்றினால் கார் திறப்பை மறந்துவிடுமா?

மறக்காது. திறப்பின் எண் பற்றறி இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. சில பழைய ரிமோட்களில் மட்டும் பட்டன் உடனே வேலை செய்யாது. இரும்புத் திறப்பால் பூட்டித் திறந்து, ஸ்ராட் செய்து, திரும்பவும் அழுத்திப் பாருங்கள். "பற்றறி மாற்றினால் திரும்பப் புரோகிராம் பண்ண வேண்டும்" என்று யாராவது காசு கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

புதிது போட்டும் வேலை செய்யவில்லை.

தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அடுத்தது தகடு: பற்றறியைத் தொடும் சின்ன நாக்கு தட்டையாகியிருந்தால் மிக மெதுவாகக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். எங்கள் உப்புக் காற்றில் அந்தத் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். மருந்துக் கடையில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் காதுக்குச்சியை நனைத்துத் துடைத்து, காய விடுங்கள்.

பிள்ளைகள் விழுங்காமல் இருக்கச் சில கம்பனிகள் பற்றறியில் கசப்புப் பூச்சுப் பூசுகின்றன. நல்ல விஷயம். ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடுப்பைத் தடுக்கும். எல்லாம் சரியாக இருந்தும் திறப்பு பேசவில்லை என்றால் வேறு கம்பனிப் பற்றறி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சாதாரண, திருகி ஸ்ராட் செய்யும் திறப்பிலும் இப்படித்தானா?

பற்றறி மாற்றுவது அதேதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய வகைத் திறப்புகளின் தலைக்குள் இமொபிலைசர் சிப் ஒரு தனித் துண்டாக, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக, பிளாஸ்ரிக் குழிக்குள் சும்மா இருக்கலாம். ஓட்டைத் திறக்கும்போது அது விழுந்து உருண்டுவிட்டால் கதவு திறக்கும், இயந்திரம் இயங்காது. உடைந்த ஓட்டுக்குப் பதில் புது ஓடு மாற்றுகிற இடத்தில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: பழைய ஓட்டில் இருந்த சிப் புது ஓட்டுக்குள் போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள், கார் ஸ்ராட் ஆகும் வரை பழைய ஓட்டை எறிய விடாதீர்கள்.

வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது. ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

அழுகிற பிள்ளைக்குக் கார்த் திறப்பை விளையாடக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். ஓடு வெடித்த, மூடி தளர்ந்த திறப்பை ஒருபோதும் கொடுக்காதீர்கள். 20 மில்லிமீற்றர் நாணயப் பற்றறி ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்குகிற அளவு. சிக்கியதும் ஈரமான தசை வழியே மின்சாரம் ஓடத் தொடங்கி, பற்றறியின் கழித்தல் முனையில் கடுமையான காரம் உண்டாகித் தசையை எரிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆழமான காயம் உண்டாகலாம். பற்றறி உடைந்து கசிய வேண்டிய தேவையே இல்லை. அதைவிட முக்கியம்: திறப்புக்கு உதவாது என்று நீங்கள் கழற்றிய "செத்த" பற்றறியிலும் இதைச் செய்யப் போதுமான மின்சாரம் மீதி இருக்கும்.

பிள்ளை விழுங்கியதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வீணீர் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும். தடிமன் என்று நினைத்துவிடுவோம். சில பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது. சந்தேகம் வந்தாலே போதும், உடனே கிளம்புங்கள். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெரியாஸ்பத்திரி கிட்ட என்றால் நேரே அங்கே போங்கள். போனதும் "பற்றறி விழுங்கியிருக்கலாம்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். அதே இலக்கப் பற்றறியோ உறையோ இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய, விழுங்கக்கூடிய பிள்ளைக்கு, விழுங்கி 12 மணித்தியாலத்துக்குள் என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு முறை வரை. தேன் காயத்தைத் தாமதப்படுத்தும், மருந்தாகாது. தேன் தேடிக்கொண்டு வீட்டில் நிற்பதைவிடத் தேன் இல்லாமல் கிளம்புவது மேல். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து விடாதீர்கள்.

பழைய பற்றறியை என்ன செய்வது?

கழற்றிய அந்த நிமிடமே இரண்டு முகத்தையும் மூடி ரேப் ஒட்டுங்கள். லாச்சிக்குள் சில்லறைக் காசோடு போட வேண்டாம்: அது பிள்ளைக்கு நாணயம் போலவே தெரியும், மற்ற உலோகத்தோடு பட்டால் சூடாகவும் கூடும். வளவு கூட்டி எரிக்கும் குப்பையில் போடவே கூடாது, லித்தியம் பற்றறி நெருப்பில் வெடிக்கும். மூடியுள்ள போத்தல் ஒன்றில் சேர்த்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்து, மின்கழிவு சேகரிக்கும்போது கொடுங்கள்.

ஒரு வருடத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஏன்?

ஸ்மார்ட் கீ என்றால் ஒன்று முதல் இரண்டு வருடம் சாதாரணம். நீங்கள் பட்டனை அழுத்தாவிட்டாலும் அது காரின் அழைப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. போர்ட்டிக்கோவில் கார், அதற்கு நேரே சுவரின் உள்பக்கம் திறப்பு மாட்டும் ஆணி என்று பல வீடுகளில் இருக்கிறது. கார் கூப்பிடுவதும் திறப்பு பதில் சொல்வதுமாக இரவு முழுக்கப் போகும். திறப்பை வீட்டின் மற்றப் பக்கம் வையுங்கள். தொலைக்காட்சி, கணினி, வயரில்லாச் சார்ஜர் இவற்றில் இருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும்.

நீண்ட நாள் வெளியூர் போகிறீர்கள் என்றால், பல ரொயோட்டா திறப்புகளில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். சிவப்பு விளக்கு நான்கு முறை மின்னினால் திறப்பு சேமிப்பு நிலைக்குப் போய்விட்டது. திரும்பி வந்து ஏதாவது பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும்.

கசூரினாவில் பொக்கற்றில் திறப்போடு கடலில் இறங்கிவிட்டேன்.

பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். உடனே திறந்து பற்றறியை எடுங்கள். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் பலகையை அரித்துவிடும். பற்றறி இல்லாத பலகையை நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டால் துடைத்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். வெயிலில் தகரத்தின் மேல் வைக்க வேண்டாம். பிறகு புதுப் பற்றறி.

கனடாவில், லண்டனில் இருக்கும் உறவினர் பற்றறியோ ரிமோட்டோ கொண்டு வரலாமா?

பற்றறி கொண்டு வரலாம், இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். உறை பிரிக்காமல், கையில் கொண்டுவரும் பையில் வைக்கச் சொல்லுங்கள். தனி லித்தியம் பற்றறியை ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் போடக்கூடாது. ரிமோட் வேறு கதை. ஜப்பானில் இருந்து வந்த கார்கள் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ் அளவில் பேசும், ஐரோப்பிய ரிமோட்கள் 433இல். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் லண்டன் ரிமோட்டை உங்கள் கார் கேட்காது. அலைவரிசை பொருந்தினாலும் பாக இலக்கமும் பொருந்த வேண்டும், காரில் பதிவும் செய்ய வேண்டும். அந்தக் காசுக்கு இங்கேயே காரைக் காட்டி, பதிந்து தருகிறவரிடம் வாங்குவது நல்லது.

இரண்டாவது திறப்பைப் பாவிப்பதே இல்லை. அதற்கும் மாற்ற வேண்டுமா?

ஆம், ஒன்றை மாற்றும் அன்றே மற்றதையும். லாச்சிக்குள் கிடக்கும் ஸ்மார்ட் கீயின் பற்றறியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். மாற்றிய மாதத்தை ஒரு துண்டு ரேப்பில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.